பால் சுறாவுக்கு ஏற்ற முள்

கோதண்டத்தின் மனைவி கன்னியம்மா பிள்ளை பெற்று ஒரு வாரம் ஆகியிருந்தது. மாரில் பால் இல்லை. இதற்கு முன் இரண்டு பிள்ளைகளைப் புதைத்த வீடு அது. மூன்றாவதும் போய்விடுமோ என்ற பயம் கோதண்டத்தின் முகத்தில் அப்படியே எழுதி ஒட்டியிருந்தது. யாராவது அதைப் படித்துவிட்டு அனுதாபமாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், சண்டைக்கு வருவான். ராயபுரத்தில் எங்கள் குப்பத்தில் ரோஷத்துக்குப் பரிசு என்று ஒன்று வைத்திருந்தால் வருஷாவருஷம் அவன்தான் வாங்கிக்கொண்டு போயிருப்பான்.

நாற்பத்திரண்டாம் வருஷம், சித்திரை வெயில். ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நேரம். குப்பத்தில் பாதிக் குடிசைகள் காலி. ஓட வழியில்லாதவர்களும் ஓட மனசில்லாதவர்களும்தான் மிச்சம். கைப்பிள்ளைக்காரிகள் எல்லோரும் பழவேற்காட்டுப் பக்கம் சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இருந்த ஒருத்திக்கும் அம்மை போட்டிருந்தது. பசும்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் ஊற்றிப் பார்த்தார்கள். வாந்தியும் பேதியும்தான் கண்ட பலன். கன்னியம்மாவுக்குப் பிரசவத்தன்று வந்த காய்ச்சல் விட்டபாடில்லை. பிள்ளை முதலில் வீறிட்டு அழுதது, பிறகு முனகியது. இப்போது வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது.

பிரசவம் பார்த்த அங்கம்மா தினமும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அன்றைக்குக் காலையில் பிள்ளையின் உச்சந்தலையைத் தடவிப் பார்த்தவள் வெளியே வந்து கோதண்டத்தைக் கூப்பிட்டாள்.

"உச்சி குழி வுழுந்துகினு கீதுடா. இனிமே பார்த்துகினு குந்தியிருக்க முடியாது. எங்கனா ஒரு பால் சுறா புட்ச்சாந்துடு. புட்டு செஞ்சி குட்த்தா பாலு சுரந்துடும்."

பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுறா புட்டு கொடுப்பது எங்கள் ஜனங்களுக்குப் புதுசில்லை. கை நீளத்துக்கு மேல் வளராத சின்னச் சுறா அது. வேகவைத்து, தோலை உரித்து, சதையை உதிர்த்து, பூண்டும் மிளகும் அள்ளிப் போட்டுக் கிளறினால் புட்டு. அது மருந்தா வெறும் நம்பிக்கையா என்று டாக்டரைப் போய்க் கேளுங்கள். எங்கள் அம்மாக்கள் தின்றார்கள், நாங்கள் குடித்தோம், இன்றைக்கு உட்கார்ந்து கதை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

மற்ற நாளாக இருந்தால் பால் சுறா ஒரு பெரிய காரியமே இல்லை. வலையில் தானாக வந்து மாட்டும், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இப்போது ஆழத்தில் போய் வலை போட ஆள் இல்லை. கோதண்டத்தோடு கட்டுமரம் ஏறிக் கடலுக்குப் போகிறவர்கள் இரண்டு பேரும் ஊரைவிட்டுப் போயிருந்தார்கள். பொழுது சாய்ந்தால் கடலில் யாரும் இருக்கக் கூடாது என்று போலீஸ்காரர்கள் வேறு சொல்லியிருந்தார்கள். ஒற்றை ஆள், ஒரு சின்னக் கட்டுமரம், பகல் வெளிச்சம். இதை வைத்துக்கொண்டு தூண்டில்தான் போட முடியும்.

கையில் பிடித்து உட்காருகிற தூண்டில் இல்லை, மிதவைத் தூண்டில். லேசான கட்டை ஒன்றில் ஓட்டை போட்டு, அதன் வழியாக ஒரு குச்சியைச் செருகியிருப்பார்கள். குச்சியின் ஒரு முனையில் கயிறும் முள்ளும், இன்னொரு முனையில் சிவப்புத் துணி. சும்மா இருக்கும்போது குச்சி தண்ணீர்மேல் படுத்திருக்கும். மீன் கடித்து இழுத்தால் கயிறு கட்டிய முனை கீழே போகும், துணி கட்டிய முனை விறைத்து எழுந்து நிற்கும். இப்படி நாலைந்தை மிதக்கவிட்டுத் தள்ளி நின்றால் எந்தத் துணி எழுகிறது என்று ஒரே ஆள் பார்த்துக்கொள்ளலாம்.

மிதவை இருந்தது. முள்தான் இல்லை. அவனுடைய பெட்டியில் பெருஞ்சுறாவுக்கான விரல் தடி முள் ஒன்று கிடந்தது. பால் சுறாவின் வாய் ஒரு குழந்தையின் கை நுழைகிற அளவுதான், அந்த முள் அதற்குள் போகவே போகாது. கெளுத்திக்குப் போடுகிற சின்ன முட்களும் கிடந்தன. அவற்றை நூலில்தான் கட்ட முடியும். சுறாவின் பல் நூலை ஒரே நறுக்கில் அறுத்துவிடும். நடுத்தர முள் வேண்டும், அதன் காதில் கம்பி நுழைய வேண்டும், சுறா திமிறினால் தாங்க வேண்டும். அதைத் தேடித்தான் அவன் அப்துல் வஹாப் பாய் கடைக்குப் போனான்.

பாயின் கடை குப்பத்திலிருந்து கூப்பிடு தூரம். கயிறு, தார், பாய்த்துணி, தூண்டில் முள் என்று கடலுக்குப் போகிறவனுக்கு வேண்டியதெல்லாம் விற்பார். கடைக்குப் பின்னாலேயே வீடு. தெருவில் எல்லாக் கடையும் பூட்டிக் கிடக்க, அவர் மட்டும் ஒரு பலகையைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பால் சுறா முள்ளு வேணும் பாய்."

"முள்ளா? கப்பல்ல இப்ப குண்டுதான் நைனா வருது. முள்ளு எங்க வருது?"

"வெளையாடாத பாய். இருக்கறத எடு."

அவன் குரலில் என்ன இருந்ததோ, பாய் எழுந்து போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்தார். பழைய சரக்கு. கடலோரக் காற்றுக்குத் துருப்பிடித்து முட்களெல்லாம் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக் கிடந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். அவன் கேட்ட அளவில் ஐந்து தேறியது.

முள்ளைப் பார்த்து வாங்குவதற்கு ஒரு வழி உண்டு. முதலில் நுனியைக் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து இழுக்க வேண்டும். கோடு விழுந்தால் கூர்மை உண்டு, வழுக்கினால் இல்லை. அப்புறம் முள்ளைப் பலகையின் விளிம்பில் மாட்டி, காதில் கயிறு போட்டுப் பலமாக இழுக்க வேண்டும். நல்ல முள் கொஞ்சம் வளைந்து கொடுத்து, விட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிடும்.

கோதண்டம் முதல் முள்ளை மாட்டி இழுத்தான். அது வாயைத் திறந்து ஆணி மாதிரி நேராகிவிட்டது. தூக்கி எறிந்தான். இரண்டாவதை மாட்டி இழுத்தான். முறுக்கு உடைகிற மாதிரி சட்டென்று உடைந்து, பாதி பலகையிலேயே நின்றது. உள்ளே முழுக்கத் துரு.

மூன்றாவதை எடுத்தபோது பாய் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இப்டியே சோதிச்சிகினு போனா கடைசியில இன்னாத்தக் கட்டுவே?"

கோதண்டம் நின்றான். சோதித்தால் இங்கேயே போய்விடும். சோதிக்காமல் போட்டால் சுறாவோடு கடலில் போய்விடும். மிச்சம் இருந்த மூன்றையும் உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். ஒன்று எப்படியோ துருப்பிடிக்காமல் நீலமாகப் பளபளத்தது. இன்னொன்று வெல்லக் கட்டி நிறத்தில் தடித்த துரு மூடி, பார்க்கவே சகிக்கவில்லை. மூன்றாவதன் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. 

"யாருக்குப்பா பால் சுறா? பொஞ்சாதி புள்ள பெத்துகீதா?" என்று பாய் மெதுவாகக் கேட்டார்.

எவ்வளவு ரோஷக்காரனாக இருந்தாலும் மூன்று நாளாகத் தூங்காதவன் அவன். மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பால் இல்லாதது, பசும்பால் ஒத்துக்கொள்ளாதது, உச்சிக் குழி.

பாய் வீட்டின் உள்பக்கமாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "என் மருமவ ரசூல் பீவிக்கு ஆறு மாசத்துக் கொழந்தை கீது. பாலு மிஞ்சிப் பூடுது. சொறாவத் தேடிகினு அலையறதுக்கு மின்ன புள்ளைய இங்க தூக்கியாந்துடு. அவ குடுப்பா."

கோதண்டம் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். "ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிடறேன். எங்க மார்க்கத்துல பாலு குட்த்தவ தாயி. உன் புள்ள அவளுக்கும் புள்ளதான். என் பேத்தி அதுக்கு அக்கா. எந்தக் காலத்துலயும் அது மாறாது. நாளைக்கி வந்து இன்னா பாய் இப்டின்னு கேக்கக் கூடாது."

மறைத்து வைக்கத் தெரியாத மனுஷர். நாளைக்குச் சங்கடம் வரக் கூடாதே என்றுதான் சொன்னார். ஆனால் கோதண்டத்தின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. இரண்டைப் புதைத்தவனிடம் மூன்றாவது உனக்கு மட்டும் சொந்தமில்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? முகம் கறுத்துப் போயிற்று.

"நா முள்ளு வாங்க வந்தேன் பாய். புள்ளையத் தானம் குடுக்க வர்ல."

"அட, அப்டி இல்ல கோதண்டம், நா சொல்றத..."

"கடலு கீது, கை கீது. என் பொஞ்சாதிக்கு நா புட்ச்சாந்து போடுவேன். கம்பிய எடு."

பாய் கம்பிச் சுருளை எடுத்தார். முறுக்குக் கம்பியில் மூன்று துண்டு வெட்டிக் கொடுத்தார்.

கரையில் நின்றே வலை இழுக்கிற கரைவலைக்காரர்களிடம் இரைக்கு உயிரோடு கொஞ்சம் மடவை மீன் குஞ்சு கேட்டு வாங்கி, ஓலைக்கூடையில் போட்டு, கூடையைக் கட்டுமரத்தின் பக்கத்திலேயே தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பினான் கோதண்டம். துடுப்புப் போடும்போதும் அவனுக்கு முள்ளைப் பற்றித்தான் யோசனை. மூன்று மிதவை, மூன்று முள். ஆனால் நல்ல இடம் ஒன்றுதான். கடலுக்கடியில் பாறை கிடக்கிற இடத்தில்தான் பால் சுறா சுற்றும். அங்கே எந்த முள்ளைப் போடுவது?

நீல முள்ளைப் போட்டான். யாராக இருந்தாலும் அதைத்தான் போட்டிருப்பார்கள், அவ்வளவு லட்சணமாக இருந்தது. துரு முள்ளைக் கரைப் பக்கமாகவும், நுனி சாய்ந்ததை வடக்கேயும் விட்டான். இரையின் முதுகில், தண்டெலும்பில் படாமல் முள்ளைக் குத்தினால் மடவை நீந்திக்கொண்டே இருக்கும். மூன்றையும் குத்திவிட்டுத் தள்ளி வந்து உட்கார்ந்தான்.

வெயில் ஏறியது. மூன்று சிவப்புத் துணிகளும் தண்ணீரில் படுத்துக் கிடந்தன. அவன் வேண்டாத தெய்வம் இல்லை. எல்லையம்மனுக்கு ஆடு என்றான், கொஞ்ச நேரம் கழித்து இரண்டு ஆடு என்றான். தன் முடியைத் தருவதாகச் சொன்னான், பிறகு ஒரு கையையே எடுத்துக்கொள் என்றான். எந்தத் துணியும் அசையவில்லை.

முதலில் கரைப்பக்கத்துத் துணி எழுந்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு போய் இழுத்தால் நல்ல கனம். மேலே வந்தது கெளுத்தி. பெரிய கெளுத்திதான், வேறொரு நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். "நீ எதுக்குடா வந்தே?" என்று அதைப் பார்த்துக் கத்தினான். முள்ளைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே பாறைப்பக்கத்துத் துணி விறைத்து எழுந்தது. எழுந்த வேகத்தில் மிதவையே ஒரு முறை முங்கிப் போயிற்று. சுறா. சந்தேகமே இல்லை.

அவன் போய்ச் சேருவதற்குள் துணி படுத்துவிட்டது. கயிற்றை இழுத்தான். இலேசாக வந்தது. கம்பி இருந்தது, முள்ளும் இருந்தது. ஆனால் முள் முள்ளாக இல்லை. அந்த அழகான நீல முள் நேராக நிமிர்ந்து, தையல் ஊசிக்கு அண்ணன் மாதிரி தொங்கியது.

வடக்கே விட்டதைப் போய்ப் பார்த்தான். இரையைத் தின்றுவிட்டு மீன் போயிருந்தது. நுனி சாய்ந்திருந்ததால் முள் வாயில் குத்தவே இல்லை.

அவன் கட்டுமரத்தின்மேல் குப்புறப் படுத்து அழுதான். சுற்றிலும் கடல்தான், பார்ப்பதற்கு ஆள் இல்லை என்று அழுதான். கொஞ்சம் தள்ளித் தன் மரத்தில் நண்டு வலை இழுத்துக்கொண்டிருந்த எங்கள் ஆள் ஒருவன் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டான். அதனால்தான் எங்களுக்குத் தெரியும்.

பொழுது சாய்வதற்குள் கரையேற வேண்டியதாயிற்று. குடிசைக்குள் அங்கம்மா பிள்ளையின் உதட்டில் துணியை நனைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். கன்னியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததே அவனுக்குப் பொறுக்கவில்லை. கெளுத்தியை மூலையில் எறிந்துவிட்டுக் கடலைத் திட்டினான், முள்ளைத் திட்டினான், கப்பல்காரனைத் திட்டினான். கடைசியில் பாயிடம் வந்து சேர்ந்தான்.

"அந்த ஆளு இன்னா சொன்னாரு தெரியுமா? அவரு மருமவ பாலு குடுப்பாளாம். குட்த்தா நம்ம புள்ள அவங்க புள்ளையாம். எவ்ளோ கொயுப்பு!"

கன்னியம்மா முதல் தடவையாக நிமிர்ந்தாள். "இன்னா சொன்னாரு? திருப்பிச் சொல்லு."

"பாலு குட்த்தவதான் தாயாம். அவரு பேத்தி இதுக்கு அக்காவாம்."

"அந்தப் பொண்ணுக்குப் பாலு கீதா?"

"மிஞ்சிப் பூடுதாம்."

அதற்குமேல் அவள் பேசவில்லை. அவள் வாயடைத்துப்போனது தன்னைப் போலவே கோபத்தில் என்று கோதண்டம் நினைத்துக்கொண்டான். பொஞ்சாதி மனசைப் படிப்பதில் அவன் எப்போதுமே அவ்வளவுதான்.

விடிந்ததும் கூடையைப் பார்த்தான். கரைவலை அன்றைக்கு இறங்கவில்லை. நேற்று வாங்கிய மடவைகளில் ஒன்றே ஒன்று உயிரோடு இருந்தது. ஒரு இரை என்றால் ஒரு முள். நுனி சாய்ந்ததை அரத்தால் ராவிக் கூராக்கலாம். ஆனால் அது இழுப்புக்குத் தாங்குமா என்று தெரியாது. துரு முள்ளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். நேற்று கெளுத்தி இழுத்த இழுப்பில் அதன் வளைவு ஒரு நூல் அளவு திறந்திருந்தது. திரும்ப வளைத்தால் அந்த இடத்திலேயே உடையும்.

இரண்டையும் மணலில் வைத்துவிட்டு அவன் உட்கார்ந்திருந்ததை நாங்கள் பார்த்தோம். யாரும் கிட்டே போகவில்லை. என்ன சொல்வது? எதைச் சொன்னாலும், தப்பாகிப்போனால் அந்தப் பிள்ளையின் பாவம் நம் தலையில் அல்லவா விழும்?

கடைசியில் துரு முள்ளை எடுத்தான். பாய் கடையிலிருந்து வந்ததில் ஒரு உயிரைக் கரைவரைக்கும் கொண்டுவந்தது அது ஒன்றுதான். ஆனால் ஒரு நிபந்தனை. சுறா கடித்தால் வெட்டி இழுக்கக் கூடாது. அது ஓடினால் ஓட விட வேண்டும், நின்றால் மட்டும் சுருட்ட வேண்டும். முரட்டு இழுப்பு ஒன்று போதும், முள் நிமிர்ந்துவிடும். வாழ்நாள் முழுக்க எதையும் முரட்டுத்தனமாகவே இழுத்துப் பழகியவன் கையில் இப்படி ஒரு முள்.

மரத்தைத் தள்ளிக்கொண்டு போனான். இந்த முறை தள்ளி உட்காரவில்லை. பாறைப்பக்கம் மிதவையை விட்டுவிட்டு, மிச்சக் கயிற்றைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு துணியைப் பார்த்தபடி இருந்தான். கண் எரிந்தது. தண்ணீர் மினுமினுக்கும்போதெல்லாம் துணி எழுவதுபோலத் தெரிந்தது. வீட்டில் இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று நினைப்பு வரும்போதெல்லாம் தொடையில் கிள்ளிக்கொண்டான்.

துணி எழுந்தது. நேற்றைப் போல முங்கவில்லை. மெல்ல எழுந்து, நின்று, ஒரு பக்கமாக நகர ஆரம்பித்தது.

இழு இழு என்று உடம்பில் இருந்த நரம்பெல்லாம் சொல்லியிருக்கும். அவன் இழுக்கவில்லை. கயிற்றை விட்டான். அது ஓடியது. உள்ளங்கை தோல் உரிய ஓடியது. நின்றதும் ஒரு முழம் சுருட்டினான். மறுபடி ஓடியது, மறுபடி விட்டான். "வாம்மா, வாம்மா, மெதுவா வா," என்று கெஞ்சினான். அவன் யாரிடமாவது கெஞ்சிக் குப்பத்தில் யாரும் கேட்டதில்லை. எவ்வளவு நேரம் அப்படிப் போயிற்றோ, அவனுக்கே தெரியாது. கடைசியில் சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. கிட்டே வந்ததும் கயிற்றை நம்பாமல் இரண்டு கையாலும் வாலைப் பிடித்து மரத்தின்மேல் போட்டு, அதன்மேலேயே விழுந்து படுத்துக்கொண்டான். பால் சுறாதான், கைநீளம் இருந்தது. முள் அதன் வாயோரத்தில், பாதி நிமிர்ந்த நிலையில், இன்னும் ஒரு இழுப்புக்குத் தாங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது.

கரை வந்ததும் மரத்தை இழுத்து மேலே போடக்கூட இல்லை. அதை நாங்கள்தான் செய்தோம். சுறாவைத் தோளில் போட்டுக்கொண்டு, "கன்னிமா! கன்னிமா!" என்று கத்திக்கொண்டே மணலில் ஓடினான்.

குடிசையில் யாரும் இல்லை. கோரைப்பாய் விரித்தபடி கிடந்தது. அடுப்பில் நெருப்பு இல்லை. அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். முன்பு இரண்டு தடவையும் கடலிலிருந்து திரும்பியபோது வீடு இப்படித்தான் வெறிச்சென்று இருந்தது.

அங்கம்மா பின்னாலிருந்து கூப்பிட்டாள். "புள்ளைக்கு ஒண்ணும் ஆவலடா. நீ மரத்தத் தள்ளிகினு போனதும் கன்னிமா அதத் தூக்கிகினு பாய் வூட்டுக்குப் பூட்டா. வாணாம்னு சொன்னேன். நிக்கக்கூட முடியல அவளால. செவுத்தப் புட்ச்சிகினே போனா."

பிள்ளை உயிரோடு இருக்கிறது என்ற நிம்மதி ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. அப்புறம் கோபம் வந்தது. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தான் கடலில் கையறுபட்டுக்கொண்டிருக்கும்போது அவள் போய்க் கையேந்தியிருக்கிறாள். சுறாவோடு அப்படியே திரும்பினான். ரத்தமும் கடல்தண்ணீரும் முதுகில் ஒழுக அவன் தெருவில் போன வேகத்தைப் பார்த்து இரண்டு பேர் ஒதுங்கி நின்றார்கள். தாயையும் பிள்ளையையும் இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்றுதான் போனான்.

பாய் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் வழிவிடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. "மெதுவா," என்று மட்டும் சொன்னார்.

கடைக்குள் கயிற்றுச் சுருள்களைத் தாண்டினால் வீட்டுக்குப் போகிற வாசல். அதில் பச்சைத் திரை தொங்கியது. உள்ளே பெண்கள் இருக்கிற இடம். திரைக்கு இந்தப் பக்கம் நின்று, கத்துவதற்கு வாயைத் திறந்தான் கோதண்டம்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. மடக், மடக் என்று. நடுவில் ஒரு மூச்சு. மறுபடி மடக், மடக். பிள்ளை விழுங்குகிற சத்தம். அவன் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். வயிறு நிறையக் குடிக்கிற பிள்ளை எப்படிச் சத்தம் போடும் என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டான்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றான்.

திரையை விலக்கிக்கொண்டு கன்னியம்மா வெளியே வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். கண்ணெல்லாம் அழுது வீங்கியிருந்தது. அவன் தோளில் இருந்த சுறாவைப் பார்த்தாள். அவன் தோல் உரிந்த உள்ளங்கைகளையும் பார்த்தாள்.

"மொதல்ல உறியக்கூடத் தெம்பு இல்லய்யா. பீச்சிப் பீச்சி வாயில வுட்டாங்க. இப்பதான் அதுவா குடிக்குது," என்றாள்.

"கன்னிமா, சொறா..." என்றான் அவன். 

"புட்ச்சிட்டியா."

"புட்ச்சிட்டேன்."

அவள் மெல்லத் தலையை ஆட்டினாள். "நா துன்னு எனக்கு எப்ப ஊறறது? அது வரைக்கும் புள்ள தாங்காது. உள்ள ஒருத்தி ரெண்டு புள்ளைக்குப் பாலு குட்த்துகினு கீறா. அவ துன்னட்டும். புட்டு அவளுக்குச் செய்யி."

அவளுக்கு நிற்க முடியவில்லை. அப்படியே கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துவிட்டாள். பாய் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.  கோதண்டம் என்ன செய்யப்போகிறான் என்று அவர் பயந்ததாகப் பிற்பாடு எங்களிடம் சொன்னார்.

கோதண்டம் சுறாவைத் தோளிலிருந்து இறக்கினான். திரைக்கு உள்ளே பிள்ளை இன்னும் குடித்துக்கொண்டிருந்தது. மடக், மடக். அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வெகுநேரம் நின்றான். பிறகு ஈரத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமி, திரையைப் பார்த்து, எங்கள் குப்பத்தில் யாரும் அவன் வாயிலிருந்து கேட்டிராத குரலில் கேட்டான்:

"மிளகு நெறயப் போடணும். ஒங்களுக்குக் காரம் ஆவுமாம்மா?"

உள்ளேயிருந்து ரசூல் பீவியின் இளங்குரல் வந்தது.

"ஆவும்ணே."